மேல கேட்டுச் சொல்றேன்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் பயப்படுவார். செத்துப்போன மனிதர் எப்படிப் பயப்படுவார் என்று கேட்டால், கேட்பவருக்கு அவரைத் தெரியாது என்று அர்த்தம்.

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் மதிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. நான் அவரிடம் உதவியாளனாக இருந்தேன். அவர் வெறும் நகராட்சி உறுப்பினராக இருந்த காலத்தில் மேடைப் பேச்சு எழுதித் தரப் போனவன். அவர் சட்டமன்றத்துக்குப் போனபோதும் அமைச்சரானபோதும் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தேன். அமைச்சர் என்றால் ஜனங்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. முறுக்கு மீசை, உருட்டு விழி, பின்னால் வரிசையாகக் கார். எங்களவருக்கு மீசை உண்டு. மற்றபடி, என் வாழ்நாளில் நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகம் பயந்தவர் அவர்தான்.

நாற்காலியில் அவர் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சிம்மாசனம் மாதிரி ஒன்றை மேடையில் போட்டு வைத்திருப்பார்கள். அதன் நுனியில் நாலு விரல் அகலத்தில் தொற்றிக்கொண்டிருப்பார். முதுகு சாய்மானத்தைத் தொடாது. இரண்டு மணி நேரக் கூட்டம் முடிந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்.

"சாஞ்சி உக்காருங்கண்ணா."

"சாஞ்சிட்டா எழுந்துக்க நேரமாவும்பா."

யாருக்காக எழுந்துகொள்ள வேண்டும் என்பதை வாயால் சொல்ல மாட்டார். ஆள்காட்டி விரலை மேலே காட்டுவார்.

மேலே. அவர் வாயில் அதிகம் புழங்கிய வார்த்தை அதுதான். சாலை கேட்டு வந்தவர்களுக்கும், மாற்றல் கேட்டு வந்த வாத்தியார்களுக்கும், தெருக்குழாய்த் தகராறுக்கு வந்தவர்களுக்கும் ஒரே பதில், "மேல கேட்டுச் சொல்றேன்பா." சொல்லும்போது விரல் கூரைக்குப் போகும். அந்த இடத்தில் ஒரு பழைய மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். புதிதாக வந்தவர்கள் ஒரு கணம் விசிறியை அண்ணாந்து பார்த்துவிட்டு, கட்சித் தலைமையைச் சொல்கிறார் என்று அப்புறம் புரிந்துகொள்வார்கள். பாதிப் பேருக்குப் பதில் வந்ததே இல்லை. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். மேலே கேட்கப் பயந்திருப்பார்.

அவரிடம் இரண்டு போன் இருந்தது. பெரிய போன் ஊருக்கு. அதை நான்தான் வைத்திருப்பேன். பட்டன் வைத்த சின்ன போன் மேலே இருந்து வரும் அழைப்புக்கு மட்டும். அது அவர் சட்டைப் பையில், நெஞ்சோடு நெஞ்சாக இருக்கும். அது அடித்தால் எங்கே இருந்தாலும் எழுந்து நிற்பார். காலிலிருந்து செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளுவார். வலது கையில் போன், இடது கை வாயைப் பொத்திக்கொள்ளும், முதுகு தானாக வளையும். அப்புறம்தான் "ஐயா" என்ற சத்தமே வரும்.

காரில் போகும்போது அடித்தாலும் இதே கதை. செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையிலிருந்து எழும்பி, தலை கூரையில் இடிக்க, அரை நிலையில் தொங்கிக்கொண்டே பேசுவார். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் விட்டுப் பிசைந்த நேரத்தில் அடித்தது. மேசைக்கு அடியில் செருப்பை உதறிவிட்டு, எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார். பந்தியிலிருந்து பாதியில் எழுந்தால் பெண் வீட்டாருக்கு எவ்வளவு அவமானம்? பெண்ணின் அப்பா முகம் செத்துவிட்டது. இவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஒரு நாள் தாங்காமல் கேட்டேன். "நீங்க வெறுங்கால்ல நிக்கிறது போன்ல பேசறவங்களுக்குத் தெரியவா போவுதுண்ணா?"

"அவங்களுக்குத் தெரியாதுபா. எனக்குத் தெரியுமில்ல."

அவர் வீட்டில் டிவி எப்போதும் ஓடும். சத்தம் இருக்காது. செய்திச் சேனலில் படத்துக்குக் கீழே ஓடுகிற எழுத்துகளை மட்டும் படித்துக்கொண்டிருப்பார். சாப்பிடும்போதும் கண் அங்கே, அவர் மனைவி, எனக்கு அண்ணி, பேரன் காய்ச்சலைப் பற்றிச் சொல்லும்போதும் கண் அங்கே. எங்கள் கட்சியில் ஒருவரை அமைச்சர் பதவியிலிருந்து எடுத்தால் அவருக்குச் சொல்லி அனுப்புகிற வழக்கம் கிடையாது. ஊரோடு சேர்ந்து அவரும் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பக்கத்து மாவட்டத்து அமைச்சர் ஒருவருக்கு ஒரு கட்டடத் திறப்பு விழாவில் அது நடந்தது. அவர் ரிப்பனைப் பிடித்துக் கத்தரிக்கோலை விரித்த நேரம். கூட்டத்தில் யாரோ செல்போனில் செய்தியைப் பார்த்து அதிகாரியின் காதில் சொன்னார்கள். அதிகாரி கத்தரிக்கோலை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தட்டில் திரும்ப வைத்தார். எங்களவர் அன்று பக்கத்தில் நின்றிருந்தார். வீடு வரும்வரை காரில் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வாங்கி வெச்சிட்டான் பாத்தியா அருளு. கொழந்த கையிலேர்ந்து வாங்கற மாதிரி வாங்கிட்டான்."

அதற்கப்புறம் எந்த விழாவிலும் அவர் ரிப்பன் வெட்டவில்லை. அருகில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளை கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவார். எளிமையான அமைச்சர் என்று பத்திரிகையில் படம் போட்டார்கள். அதைப் பார்த்தும் பயந்தார். எளிமை என்று தனியாகப் பெயர் வாங்குவது மேலே பிடிக்குமோ பிடிக்காதோ.

இப்படிப்பட்டவரை எதற்கு அமைச்சராக்கினார்கள் என்றால், இப்படிப்பட்டவர் என்பதால்தான். அவரால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஒரு சின்ன இலாகாவைக் கொடுத்தார்கள். பதவிப் பிரமாணம் எடுத்த அன்று சால்வை போட வந்த கூட்டத்தை விலக்கிவிட்டு என்னைக் கழிவறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். கை சில்லென்று இருந்தது.

"ஒரு வரிய உட்டுட்டேன்பா."

"இன்னாண்ணா வரி?"

"பிரமாணத்துல. நடுவுல ஒரு வரி. கண்ணு தாண்டிடுச்சு. யாரும் கவனிக்கல. இப்ப நான் மந்திரியா, இல்லியா?"

அவர் ஒரு வரியும் விடவில்லை. வீடியோவை வாங்கிப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, இது வெட்டி ஒட்டின வீடியோவாக இருக்கும் என்றார். பதவியில் இருந்த காலம் முழுக்க, என்றைக்காவது ஒருவன் வந்து அந்த வரியைக் கேட்பான் என்று காத்துக்கொண்டே இருந்தார்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளர் வந்தது இன்னும் நினைவிருக்கிறது. எப்போதோ இவர் போட்ட கையெழுத்தால் மகளுக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்ததாம். நன்றிக்கு ஒரு பட்டு அங்கவஸ்திரம் நெய்து கொண்டுவந்திருந்தார். விரித்தால், முந்தியில் ஜரிகையில் அமைச்சரின் முகம். மீசை, நெற்றியில் இருந்த தழும்பு, பயந்த கண் உட்பட அப்படியே இருந்தது. அமைச்சர் வாசல் கதவைச் சாத்தச் சொன்னார்.

"இன்னாபா காரியம் பண்ணிட்ட!"

"ஏண்ணா, ஜாடை வரலீங்களா?"

"வந்துடுச்சுபா. அதான் பயமா இருக்குது. மேல பாத்தா இன்னா நெனப்பாங்க? மூஞ்சிய ஜரிகையில நெய்ஞ்சிக்கினு திரியறான்னு நெனக்க மாட்டாங்களா? இத பிரிச்சிட முடியுமா?"

"நெய்ஞ்சத எப்படிண்ணா பிரிக்கிறது. அறுத்துத்தான் போடணும்."

அறுக்கவும் அவருக்கு மனசு வரவில்லை, அதுவும் பயம்தான், தன் முகம் இல்லையா. பீரோவில் அண்ணியின் புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை போட்டு ஒளித்து வைத்தார்கள். வாரம் தவறாமல் அண்ணியிடம் கேட்பார், "அது அங்கதான் இருக்குதா?" ஏதோ அது எழுந்து வெளியே நடந்துவிடும் என்பது போல.

பயம் ஒட்டுகிற வியாதி. இரண்டே வருஷத்தில் எனக்கும் வந்துவிட்டது. அவர் அழைத்தால் நான் எழுந்து நின்று பேச ஆரம்பித்தேன். என் மனைவி செல்வி சிரிப்பாள். என் மகள் ஜெனி அப்போது இரண்டாம் வகுப்பு. விளையாட்டு போனைக் காதில் வைத்து, வாயைப் பொத்தி, "ஐயா, சரிங்கய்யா" என்று குனிந்து காட்டுவாள். செருப்பைக்கூடக் கழற்றுவாள், ஏனென்றால் அமைச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் செய்ததைப் பார்த்திருக்கிறாள். வீடே சிரிக்கும். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. யாராவது இதைச் செல்போனில் பிடித்து அனுப்பிவிட்டால்?

அப்புறம் அந்த மழை வந்தது.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்துக்கு மேற்கே, ஒரு பெரிய ஏரிக்குக் கீழே இருக்கிறது. ஊருக்கும் தள்ளி, ஏரிக்கரையின் தெற்கு முனையை ஒட்டிய பள்ளத்தில் எங்கள் தெரு. வேறு யாரும் குடியிருக்க விரும்பாத இடம் என்பதால் எங்கள் ஆட்களுக்குக் கிடைத்த இடம் அது. என் அம்மா, செல்வி, ஜெனி மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஏரியின் ஷட்டர் வடக்கு முனையில் இருக்கிறது. அதைத் திறந்தால் தண்ணீர் வடக்கே வயல்களில் பாயும். அந்த வயல்கள் எல்லாம் அமைச்சரின் சொந்தக்காரர்களுடையவை. அவர் பிறந்த ஊரும், அவருக்கு ஓட்டுப் போட்ட ஊரும் அந்தப் பக்கம். திறக்காவிட்டால் கரை பலவீனமான இடத்தில் உடையும். பலவீனமான இடம் எது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெற்கு முனை.

அந்த வருஷம் மேலே இருந்து ஒரு வாய்மொழி உத்தரவு இருந்தது. கேட்காமல் எந்த ஏரியின் ஷட்டரிலும் கை வைக்கக் கூடாது. முந்தின வருஷம் வேறெங்கோ அவசரப்பட்டுத் திறந்துவிட்டு, கோடையில் தண்ணீர் இல்லாமல் கெட்ட பெயராகியிருந்தது.

நாங்கள் கரைக்குப் போய்ச் சேர்ந்தது மதியம். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது போல இருட்டிக்கொண்டிருந்தது. கரை நெடுக ஜனங்கள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏரி என்று சொல்ல முடியாது, சேற்று நிறத்தில் ஒரு கடல். காற்று அடிக்கும்போதெல்லாம் அலை கரையின் தலையைத் தொட்டது. தெற்கே கீழே பார்த்தேன். எங்கள் தெரு தண்ணீரில் நின்றது. வெளியே வரும் தரைப்பாலம் காலையிலேயே முழுகிவிட்டதாம். படகு வருகிறது என்றார்கள். எல்லோரும் தெருவிலிருந்த சர்ச்சுக்குள் ஏறியிருந்தார்கள். தெருவைவிட அதன் தரைதான் கொஞ்சம் உயரம்.

பாசனப் பொறியாளர் ஓர் இளம் பெண். மழைக் கோட்டு போட்டும் தொப்பலாக நனைந்திருந்தார். அமைச்சரைக் கரையோரம் அழைத்துப்போய்க் கீழே காட்டினார். கரையின் அடியில் ஓரிடத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"ஊத்து கெளம்பிடுச்சு சார். தெளிவா வந்தா பயமில்ல. சேறா வருது பாருங்க. உள்ள மண்ண அரிக்குது. ஷட்டரத் தொறந்து மட்டத்தக் கொறச்சாத்தான் இது நிக்கும்."

"தொறக்க வேண்டியதுதானேம்மா."

"நான் தொறக்கறேன் சார். எனக்கு மேலேர்ந்து ஒரு வார்த்தை வேணும். யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும்."

"மேல கேட்டுச் சொல்றேம்மா," என்றார் அமைச்சர். விரல் மேலே போனது. அங்கே மழையைத் தவிர ஒன்றுமில்லை.

சின்ன போனை எடுத்தார். செருப்பைக் கழற்றினார், கால் கணுக்கால்வரை சேற்றில் இறங்கியது. வாயைப் பொத்திக் குனிந்தார். பாதுகாப்புக் காவலர் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார். எதிர்முனையில் யாரோ, ஐயா கூட்டத்தில் இருக்கிறார், சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி செருப்பைக் கழற்றினார், மறுபடி அதே பதில். மாட்டினார், கழற்றினார், மாட்டினார். ஒவ்வொரு முறையும் சேற்றுக்குள் கால்விரலால் துழாவிச் செருப்பைத் தேட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பை இப்போதும் மறைக்க மாட்டேன்.

வடக்குப் பக்கத்து விவசாயிகள் ஷட்டர் மேடையைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களில் அண்ணியின் தம்பி எங்களிடம் வந்தார்.

"மாமா, கதிர் புடிக்கிற நேரம். ஷட்டர்ல கைய வெச்சா எங்க பயிர் பூரா போயிடும். கரையெல்லாம் ஒண்ணும் ஆவாது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து நிக்குது."

"மேல கேட்டுக்கினு இருக்கேன்பா."

என் போன் அடித்தது. செல்வி. பின்னால் ஜனங்கள் ஜெபம் சொல்லும் சத்தம்.

"சர்ச்சுப் படியில ஏறிடுச்சுங்க தண்ணி. சொவுத்துல சத்தம் கேக்குது. அத்தைக்கு மூச்சு வாங்குது. ஜெனி பேசணுங்கறா..."

"அப்பா, நீ மேல நிக்கிறியே, தெரியுது," என்றாள் ஜெனி. அத்தோடு சிக்னல் போய்விட்டது.

அவள் கதவோரம் நின்று கரையில் இருந்த எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவரிடம் போனேன். கத்த வேண்டும், சட்டையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன். பழகிப்போன பயம், குரல் எழும்பவில்லை.

"அண்ணா, என் பொண்ணு கீழ இருக்குறா."

"தெரியும்பா," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் கரை சரிந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. தெற்கே, ஒரு மாட்டு வண்டி அளவுக்கு மண் மெத்தென்று கீழே இறங்கி உட்கார்ந்தது. மணல் மூட்டை அடுக்கியவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பொறியாளர் கையைத் தலையில் வைத்துக்கொண்டு, "சார்! சார்!" என்று மட்டும் சொன்னார்.

அமைச்சர் குடையிலிருந்து விலகி மழைக்குள் நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்றார். நெஞ்சிலிருந்து சின்ன போனை எடுத்துக் காதில் வைத்தார். இடது கை வாயைப் பொத்தியது. முதுகு வளைந்தது. "ஐயா... ஆமாங்கய்யா... சரிங்கய்யா... உடனேங்கய்யா..." காற்றில் துண்டு துண்டாகக் கேட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வளைந்த முதுகையே பார்த்தார்கள்.

திரும்பி வந்தார். "மேல சொல்லிட்டாங்க. தொறம்மா."

"ஐயாவே சொன்னாங்களா சார்?"

"ஐயாவேதான். போ. முழுசாத் தொற."

பொறியாளர் வடக்கே ஓடினார். எல்லோரும் அவர் பின்னால் ஓடினார்கள். நான் மட்டும் நகரவில்லை. நான் அமைச்சரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செருப்பு காலில் இருந்தது.

வார் முழுக்கச் சேறு அப்பி, இரண்டு செருப்பும் காலோடு காலாக இருந்தன. அந்தப் போனில் யாரும் பேசவில்லை. மேலே இருந்து எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் இருந்தது அதே பட்டு அங்கவஸ்திரத்துப் பயம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஷட்டர் சக்கரத்தைச் சுற்றியபோது கிளம்பிய தண்ணீரின் சத்தம் இங்கே கேட்டது. அண்ணியின் தம்பி ஓடி வந்து சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "யார் மாமா சொன்னது? யார் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் விரலை மேலே காட்டினார். பிறகு காருக்குள் போய் உட்கார்ந்தார்.

"அருளு, டிவியில ஏதாவது ஓடுதா பாரு."

மட்டம் குறையக் குறைய ஊற்று அடங்கியது. படகு வந்தது. ஜெனியைத் தூக்கி என் தோளில் போட்டபோது அவள் உடம்பில் அந்துருண்டை வாசனை, சர்ச் அலமாரியில் இருந்த துணியைப் போர்த்தியிருந்தார்கள். அம்மாவும் செல்வியும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு உயிரும் போகவில்லை. வடக்கே பயிர் பூராவும் போனது. கரை உடையாததால், அது உடைந்திருக்கும் என்று அந்தப் பக்கத்தில் யாரும் நம்பவில்லை.

எங்கள் தெரு முனையில் ஒரு பெரிய பேனர் கட்டினார்கள். ஏரியைத் திறக்க உத்தரவிட்டு எங்களைக் காத்த தலைமைக்கு நன்றி என்று போட்டு, தலைமையின் படம் ஆள் உயரத்துக்கு. அமைச்சர் படம் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு. அதைக்கூட எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். என் அம்மா தலைமையின் படத்துக்கு மாலை போட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வரும். ஒரு வார்த்தை வெளியே போனால் அவர் கதி என்ன? வாயை மூடிக்கொண்டேன்.

மேலே அதை மறுக்கவில்லை. நன்றியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பொங்கல் கழிந்து ஒரு காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். சத்தமில்லாத டிவியில் அவர் பெயர் ஓடியது, திரும்ப வந்தது, மறுபடி ஓடியது. அண்ணி சட்னி கரண்டியோடு நின்றுவிட்டார். அவர் கடைசி இட்லியைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். கட்சி அலுவலகத்தில் ஒரு பழைய ஆள் என் காதோடு சொன்னார், "கேக்காம ஒரு தடவ செஞ்சவன் மறுபடி செய்வான்பா. அவங்களுக்குத் தெரியாதா யார் சொன்னாங்க, யார் சொல்லலன்னு?"

அதன் பிறகு அவருக்கு எந்தத் தேர்தலிலும் இடம் கொடுக்கவில்லை. வடக்குப் பக்கத்துச் சொந்தங்கள் கல்யாணப் பத்திரிகைகூட வைக்கவில்லை. நான் ஒரு பட்டுக் கடையில் கணக்கு எழுதப் போய்ச் சேர்ந்தேன். மாதத்துக்கு ஒரு தரம் அவரைப் பார்க்கப் போவேன். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார். பதவிதான் போயிற்றே, இனி எதற்கு நுனி? கேட்கவில்லை.

ஒரு கருடசேவை நாள். தெருவில் ஜனக்கூட்டம், மேளம். வீட்டில் அவரும் நானும் மட்டும். அன்று கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு செருப்பு கால்லியே இருந்துச்சுண்ணா."

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். திரும்ப வந்து நுனியில் உட்கார்ந்தார்.

"நீ பாத்துட்டன்னு எனக்கு அப்பவே தெரியும். எங்க போயி சொல்லிடுவியோன்னு இத்தன வருஷமா அது வேற பயம். நீ ஒவ்வொரு மாசமும் வர்றப்பல்லாம், இன்னைக்குக் கேட்டுடுவான்னு நெனப்பேன்."

என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார்! அவரைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து.

"இவ்ளோ பயத்தோட அத எப்படிண்ணா செஞ்சீங்க? அன்னைக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு தைரியம்?"

"தைரியமா?" பயந்துபோய்க் கையை ஆட்டினார். "அதெல்லாம் இல்லபா. அதுவும் பயந்தான். உன் பொண்ணு போயிட்டிருந்தா, நீ மறுநாளும் வேலைக்கு வருவ. தெனமும் கார்ல என் பக்கத்துல உக்காந்துக்கினு வருவ. ஒண்ணும் கேக்க மாட்ட, உன்ன எனக்குத் தெரியும். சும்மா உக்காந்துக்கினு வருவ. அத நெனச்சேன். மேல இருக்கறவங்க எட்டத்துல இருக்காங்க அருளு. நீ பக்கத்துல இருக்க."

வெளியே வாத்தியச் சத்தம் நெருங்கி, எங்களைக் கடந்து போனது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதபா," என்றார்.

போன மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஜெனியோடு ராஜவீதியில் நின்றுகொண்டிருந்தேன். கல்லூரிக்குப் பை வாங்க வந்திருந்தோம். போன் அடித்தது. அவருடைய மகன். அப்பா மதியம் தூக்கத்திலேயே போயிட்டாருங்கண்ணா என்றான். அம்மா அழக்கூட இல்லாம பீரோவத் தொறந்து, புடவைக்கு அடியிலேர்ந்து அந்தப் பட்ட எடுத்து விரிச்சிக்கினு இருக்காங்க, நீங்க வாங்கண்ணா என்றான். சரிப்பா, உடனே வரேன்பா என்றேன். பேசி முடித்தும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

ஜெனி என் கையைத் தொட்டாள்.

"இன்னாப்பா, நடு ரோட்டுல வெறுங்கால்ல நிக்கிற?"

குனிந்து பார்த்தேன். என் செருப்பு இரண்டும் ஓரமாகக் கிடந்தன.